ஜான் மன்னனின் இரு முத்திரைகள்

இங்கிலாந்தின் மன்னர் வரிசையில் பழிச்சொல்லை மிகுதியாகச் சுமந்தவன் ஜான். 1199 முதல் 1216 வரை ஆண்ட அவனுக்குப் பின், அந்நாட்டு அரியணையில் அப்பெயர் தாங்கிய மன்னர் ஒருவரும் அமர்ந்திலர். பெயரே தீட்டாகிவிட்டது போலும்! ஆயினும் அப்பெயரோடு ஒட்டி நிற்கும் மகாசாசனத்தை உலகம் போற்றுகின்றது. பழிக்கப்படும் மன்னனும் போற்றப்படும் சாசனமும் ஒரே ஆட்சியின் இரு பக்கங்கள். அம்மன்னனைத் தலைவனாகக் கொண்டு ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று எழுதினார். அதில் மகாசாசனத்தைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை என்பதுதான் வியப்பு.

இராமன் கதையை நாடகமாக்க வந்தவர் வில் முறித்த நிகழ்ச்சியை விட்டுவிட்டால் நாம் என்ன சொல்வோம்? அது போன்ற குறையாகவே இதனைப் பலரும் கருதி வந்துள்ளனர். 1899-ஆம் ஆண்டு இலண்டனில் இந்நாடகத்தை மேடையேற்றிய பீர்போம் ட்ரீ என்னும் நடிகர், மூலத்தில் இல்லாத சாசனக் காட்சியை உரையாடலற்ற காட்சிப்படமாக இடையே புகுத்தினார். கவிஞர் மறந்ததை நடிகர் நினைவூட்டினார் போலும்!

உண்மையில் அது மறதிதானா? நாடகம் விட்டுவிட்டது எதனை, விடாமல் பிடித்துக்கொண்டது எதனை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றில் ஜான்

முதலில் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். ஜான், இரண்டாம் ஹென்றி மன்னனின் கடைசி மகன். 'சிங்கநெஞ்சன்' எனப்பட்ட ரிச்சர்டின் தம்பி. மூத்தவர்களுக்கெல்லாம் நாடுகள் பங்கிடப்பட்டபின் எஞ்சியவன் ஆதலின் 'நிலமிலி' என்னும் பட்டப்பெயர் அவனுக்கு இளமையிலேயே வாய்த்தது. ரிச்சர்டு மகப்பேறின்றி இறக்கவே, அரியணைக்கு இருவர் உரிமை கோரினர். ஒருவன் ஜான், மற்றவன் ஜானுடைய இறந்துபோன அண்ணன் ஜெஃப்ரியின் மகன் ஆர்தர். 1202-இல் மிரபோ என்னுமிடத்தில் ஆர்தர் சிறைப்பட்டான். 1203-க்குப் பின் அவனைக் கண்டவர் இலர். 1204-இல் நார்மண்டி பிரெஞ்சு மன்னன் இரண்டாம் பிலிப்பின் வசமாயிற்று. கான்டர்பரிப் பேராயர் பதவி குறித்துப் போப்பாண்டவரோடு எழுந்த பிணக்கால் 1208 முதல் 1214 வரை இங்கிலாந்தின் தேவாலயங்களில் பொது வழிபாடு தடைப்பட்டது. 1213-இல் ஜான் பணிந்தான். தன் நாட்டைப் போப்பாண்டவரிடம் ஒப்படைத்து, ஆண்டுக்கு 1000 மார்க் கப்பம் செலுத்துவதாக ஏற்று அதனைத் திரும்பப் பெற்றான். 1214-இல் புவின் போரில் அவனுடைய கூட்டாளிகள் தோற்றனர். மறு ஆண்டு பிரபுக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1215 சூன் 15 அன்று தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ரன்னிமீடு புல்வெளியில் மன்னன் மகாசாசனத்திற்கு இசைந்தான். 1216 அக்டோபரில் நியூவார்க்கில் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தான்.

ஜானைப் பற்றிய பழிகளில் பெரும்பகுதி மடத்துத் துறவியர் எழுதிய ஆண்டுக்குறிப்புகளிலிருந்து வந்தது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்து ரோஜர் வெண்டோவரும், அவரைத் தொடர்ந்து எழுதிய மாத்யூ பாரிசும் அவனுக்கு இரக்கம் காட்டவில்லை. நரகமே அவன் வருகையால் மாசடைந்தது என்னும் கருத்துப்பட எழுதும் அளவிற்கு அவர்களின் வெறுப்பு சென்றது. தேவாலயங்களோடு பகைத்த மன்னனைத் துறவியர் நடுநிலையில் எழுதுவர் என எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆனால் மற்றொரு சான்றும் உண்டு. அது ஏச்சு அன்று; ஏடு. ஜானின் ஆட்சியிலேதான் அரசு அலுவலகம் தான் அனுப்பும் மடல்களின் படிகளைத் தோற்சுருள்களில் முறையாகப் பதிந்து வைக்கும் வழக்கம் வேரூன்றியது. சாசனங்களின் சுருள் 1199 முதலும், திறந்த மடல்களின் சுருள் 1201 முதலும், மடித்து முத்திரையிட்ட மடல்களின் சுருள் 1204 முதலும் தொடர்ந்து கிடைக்கின்றன. அன்று சான்சலராக விளங்கிய பேராயர் ஹியூபர்ட் வால்டரின் கைவண்ணம் இது என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமஸ் டஃபஸ் ஹார்டி என்பவர் இச்சுருள்களை அச்சேற்றினார். அதன்பின் ஜானின் வரலாறு வேறு முகம் காட்டத் தொடங்கிற்று. 1961-இல் டபிள்யூ. எல். வாரன் எழுதிய வாழ்க்கை வரலாறும், 1965-இல் ஜே. சி. ஹோல்ட் மகாசாசனத்தைப் பற்றி எழுதிய பெருநூலும் இந்த ஏடுகளின் துணையின்றி எழுந்திருக்க முடியாதவை.

ஏடுகள் காட்டும் ஜான் சோம்பேறி அல்லன். ஊர் ஊராகச் சென்று வழக்குக் கேட்டவன்; சின்னஞ்சிறு செலவையும் கணக்குப் பார்த்தவன்; 1208-இல் ரெடிங் மடத்திலிருந்து நூல்களைப் பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புகை வழங்கியவன். எனவே ஜான் நல்லவன். துறவியர் பொய்யர் என முடித்துவிடலாமா? அதுவும் ஆகாது. அதே ஏடுகள் அவனுக்கு எதிராகவும் சாட்சி சொல்கின்றன. தந்தையின் நிலத்தை மகன் பெறுதற்கு மன்னனுக்குச் செலுத்தும் தொகை ஒன்று உண்டு. 1205-இல் நிக்கலஸ் ஸ்டட்வில் என்பவர்மீது சுமத்தப்பட்ட அத்தொகை 10,000 மார்க். அஃதாவது 6,666 பவுனுக்கு மேல். மகாசாசனத்தின் இரண்டாம் பிரிவு இத்தொகையைப் பிரபு ஒருவருக்கு 100 பவுன் என வரையறுத்தது. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ரன்னிமீடு ஏன் நிகழ்ந்தது என்பது விளங்கும்.

இன்னுமொரு பதிவு. மன்னனின் வன அதிகாரி ஹியூ டி நெவிலின் மனைவி, தன் கணவனோடு ஓரிரவு தங்கும் உரிமைக்காக மன்னனுக்கு 200 கோழிகள் தருவதாக ஒப்புக்கொண்டமை 1204-ஆம் ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது. வேடிக்கையாக இருக்கலாம், வேதனையாகவும் இருக்கலாம். எதுவாயினும், எவர் எதனைப் பெற வேண்டினும் மன்னன் மனம் வைத்தாக வேண்டும் என்னும் நிலைமையை அது காட்டுகின்றது. ஜானின் குற்றம் ஆளாமை அன்று, அளவின்றி ஆண்டமை. சட்டம் என்னும் கரை இல்லாத விருப்பத்தின் வெள்ளம் அவன் ஆட்சி.

நாடகத்தில் ஜான்

இனி நாடகத்திற்கு வருவோம். 1598-இல் பிரான்சிஸ் மியர்ஸ் தரும் ஷேக்ஸ்பியர் நாடகப் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. ஆதலின் அதற்கு முன் எழுதப்பட்டது. அச்சில் வந்தது 1623-ஆம் ஆண்டின் பெருந்தொகுப்பில். இதே கதையைக் கூறும் ஆசிரியர் பெயரற்ற நாடகமொன்று 1591-இல் அச்சாகியிருந்தது. ஹோலின்ஷெட் எழுதிய வரலாற்றுத் தொகுப்பும் கவிஞரின் கையில் இருந்தது. அத்தொகுப்பில் மகாசாசனம் பேசப்படுகின்றது. சாசனம் 1508-இலேயே இலத்தீனிலும் 1534-இல் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருந்தது. எனவே கவிஞர் அறியாமல் விட்டார் என்பதற்கில்லை.

பின் ஏன் விட்டார்? காலத்தை நோக்க வேண்டும். போப்பாண்டவரின் தலைமையை உதறிய டியூடர் இங்கிலாந்து, ஜானைப் போப்பாண்டவரை எதிர்த்து நின்ற முன்னோடியாகப் பார்த்தது. மன்னனுக்கு எதிராகக் கிளர்தல் பாவம் எனத் தேவாலயங்களில் படிக்கப்பட்ட காலம் அது. பிரபுக்கள் வாளேந்தி மன்னனிடம் உரிமை பெற்ற காட்சி அன்றைய மேடைக்கு உகந்த காட்சி அன்று. சாசனத்தைச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் கையிலெடுத்து அரசனுக்கு எதிரான ஆயுதமாக்கியது அடுத்த நூற்றாண்டில். 1628-ஆம் ஆண்டின் உரிமை மனுவில் அதன் எதிரொலியைக் கேட்கிறோம்.

இது வரலாற்று விடை. இலக்கிய விடை ஒன்றும் உண்டு. அதுவே நாம் கருதத் தக்கது.

நாடகத்தின் முதற் காட்சியில் பிரெஞ்சுத் தூதன் வந்து, ஆர்தருக்குரிய நாட்டை விட்டுவிடுமாறு ஜானிடம் கூறுகின்றான். தன் கைப்பற்றும் தன் உரிமையும் தனக்குத் துணை என்கிறான் ஜான். அவன் தாய் எலினார் அவன் காதருகே, உரிமையைவிடக் கைப்பற்றே உனக்குத் துணை எனத் திருத்துகிறாள். நாடகத்தின் நோய் முழுவதும் இந்த ஒரு திருத்தத்தில் அடங்கியிருக்கிறது. உடனே அடுத்து வருவது உடன்பிறந்தார் இருவரின் சொத்து வழக்கு. தாயின் ஒழுக்கம் ஐயத்திற்குரியதாயினும், திருமணத்துள் பிறந்த பிள்ளை அத்தந்தையின் வாரிசே எனச் சட்டப்படி பிழையின்றித் தீர்ப்புரைக்கின்றான் ஜான். பிறர் வழக்கில் சட்டம் அறிந்தவன். தன் வழக்கில் அறியாதவன். ஏடுகள் காட்டும் ஜானும் இத்தகையவனே என்பது நினைக்கத் தக்கது.

இந்த வழக்கின் நாயகனாகிய பிலிப், சொத்தைத் துறந்து, தான் ரிச்சர்டு மன்னனுக்கு முறைபிறழ்ந்து பிறந்த மகன் என்னும் பெருமையை ஏற்கின்றான். நாடகம் முழுவதும் துடிப்பான பேச்சுடன் உலவும் இவன் பெரும்பாலும் கவிஞரின் கற்பனை. வரலாற்று ஆர்தரோ மிரபோவில் பிடிபட்டபோது 15 வயதினன். தன் பாட்டி எலினாரையே முற்றுகையிட்டவன். கவிஞர் அவனை ஒன்றுமறியாச் சிறுவனாக்கினார். அவன் தாய் கான்ஸ்டன்சுக்குத் தந்த புலம்பல் உரைகள், பிள்ளையை இழந்தோர் எம்மொழியினராயினும் உருகச் செய்பவை.

கையும் முத்திரையும்

நாடகத்தின் உயிர் மூன்று காட்சிகளில் இருக்கிறது. மூன்றாம் அங்கத்தில் ஜான், தன் பணியாளன் ஹியூபர்ட்டை அருகழைத்து, நேரே சொல்ல நாவெழாமல் சுற்றிச் சுற்றிப் பேசுகின்றான், அன்பு பாராட்டுகிறான், கடைசியில் ஓரிரு சொற்களில் ஆர்தரின் சாவைக் கேட்கிறான். ஹியூபர்ட் இசைகின்றான். நான்காம் அங்கத்தின் தொடக்கத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்புகளோடு ஹியூபர்ட் சிறைக்கு வருகின்றான். சிறுவனிடம் ஓர் ஓலையைக் காட்டுகிறான். அதில் எழுதியிருப்பது கண்ணைக் குருடாக்கும் ஆணை. வாய்மொழி ஒன்று, எழுத்து வேறொன்று என்னும் இம்முரண்பாட்டைக் குறையெனக் கூறுவோர் உளர். இராலஃப் காகிஷல் என்னும் ஆண்டுக்குறிப்பாளர், கண்ணைப் பறிக்க ஆணையிட்ட கதையையும், ஹியூபர்ட் டி பர்க் அதனை நிறைவேற்ற மறுத்த செய்தியையும் எழுதியுள்ளார். நாடகக் காட்சியின் வேர் அங்கே இருக்கிறது. நாடகத்திலும் சிறுவனின் மன்றாட்டில் ஹியூபர்ட் நெஞ்சிளகி, ஆணையை மீறி, அவன் இறந்துவிட்டதாகப் பொய்யுரைக்கத் துணிகிறான்.

அடுத்து வருவதே இந்நாடகத்தின் சிகரம். ஆர்தர் இறந்தான் எனக் கேட்டுப் பிரபுக்கள் சினந்து பிரிகின்றனர். ஜான் நடுங்குகிறான். உடனே பழியை ஹியூபர்ட்டின் தலைமேல் போடுகிறான்: எனக்குக் காரணம் இருந்தது, உனக்கு ஏது காரணம் என்கிறான். ஹியூபர்ட் விவாதிக்கவில்லை. மன்னனின் கையெழுத்தும் முத்திரையும் கொண்ட ஆணையை எடுத்து நீட்டுகிறான். அவ்வளவே! ஜான் அதனைக் கண்டு, இறுதித் தீர்ப்பு நாளில் அந்தக் கையும் முத்திரையும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் எனக் கதறுகின்றான். அப்போதும் பழியை முழுமையாக ஏற்றானா? இல்லை. மன்னரின் கணநேர மனப்போக்கை ஆணையாக எடுத்துக்கொள்ளும் அடிமைகளால் சூழப்பட்டிருப்பது அரசர்க்கு வாய்த்த சாபம் என்கிறான். நீ ஒருமுறை தலையசைத்துத் தயங்கியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனே என்கிறான்.

அலுவலகங்களில் கோப்புகளோடு வாழ்வோர்க்கு இக்காட்சி புதிதன்று. மேலிருப்பவர் குறிப்பால் உணர்த்துவார். கீழிருப்பவர் செய்து முடிப்பார். வினை திரும்பினால் 'நான் சொல்லவில்லையே' என்பார். அப்போது காப்பாற்றுவது எழுத்து ஒன்றே. எழுத்தில் கேட்பதை அவமதிப்பாகக் கருதும் மேலோர் இக்காட்சியைப் படிக்க வேண்டும். அதிகாரம் தன் செயலைத் தன் செயலென்று ஒப்புக்கொள்ள வைப்பது முத்திரையிட்ட ஒரு தாள் மட்டுமே என்பதை ஷேக்ஸ்பியர் இங்கு உணர்த்திவிட்டார்.

இப்போது ரன்னிமீட்டை நினைத்துப் பார்ப்போம். அங்கும் ஜான் கையொப்பமிடவில்லை. அன்றைய வழக்கப்படி முத்திரையே பொறிக்கப்பட்டது. சாசனத்தின் படிகளில் நான்கு இன்றும் உள்ளன: இரண்டு பிரிட்டிஷ் நூலகத்தில், ஒன்று லிங்கனில், ஒன்று சாலிஸ்பரியில். ஆனால் முத்திரையிட்டவன் என்ன செய்தான்? தன்னை வற்புறுத்திப் பெற்றது என முறையிட்டுப் போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்டின் உதவியை நாடினான். அவ்வாண்டு ஆகஸ்டு 24 அன்று போப்பாண்டவர் சாசனத்தைச் செல்லாததென அறிவித்தார். பத்து வாரங்களில் சொல் காற்றாயிற்று. நாட்டில் போர் மூண்டது.

நாடகத்து ஜான் தன் முத்திரையைக் கண்டு மறுக்கின்றான். வரலாற்று ஜான் தன் முத்திரையை மறுத்துவிட்டுப் போர் தொடுக்கின்றான். இரு முத்திரைகளும் வேறு. மறுக்கும் மனம் ஒன்று. ரன்னிமீட்டுக் காட்சியைக் கவிஞர் எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் ரன்னிமீடு தேவைப்பட்டது ஏன் என்பதற்கான காட்சியை அவர் எழுதியிருக்கிறார். எந்த மனிதனைக் கட்ட அச்சாசனம் எழுந்ததோ அந்த மனிதனைக் காட்டினார். எனவே பீர்போம் ட்ரீ புகுத்திய காட்சிப்படம் கண்ணுக்கு விருந்தாயிருக்கலாம்; நாடகத்திற்குத் தேவையானதன்று.

நாடகத்தின் எல்லை

இவ்வாறு கூறுவதால் நாடகம் குறையற்றது என்பது கருத்தன்று. பிரபுக்களின் கிளர்ச்சிக்கு உண்மையில் காரணம் வரியும் தண்டமும் நீதி மறுப்பும். 1207-இல் வருவாயிலும் அசையும் பொருளிலும் பதின்மூன்றில் ஒரு பங்கு வரியாகப் பெறப்பட்டது. இவை யாவும் மறைந்து, ஒரு சிறுவனின் குருதி மட்டுமே காரணமாகிவிட்டது. நாடகத்திற்கு அது வலிமை. அரசியலுக்கு அது இழப்பு. ஐந்தாம் அங்கம் தளர்ந்து போகிறது. நோயால் இறந்த மன்னன் துறவி ஒருவனின் நஞ்சால் இறப்பதாகக் கதை முடிகிறது. இங்கிலாந்து தனக்குத்தானே உண்மையாக இருந்தால் எவராலும் வெல்ல முடியாது என்னும் பொருளில் பிலிப் பேசும் இறுதி உரை கைதட்டல் பெறும். ஆனால் நாடகம் எழுப்பிய வினாவுக்கு அது விடையன்று. வினா, அயலாரை வெல்வது எப்படி என்பதன்று. தன் மன்னனை அடக்குவது எப்படி என்பது.

விடையின் ஒரு பாதியைக் கவிஞரே அறியாமல் தந்துள்ளார் என்று தோன்றுகிறது. ஹியூபர்ட் மனமிரங்கினான், சிறுவன் பிழைத்தான். பிழைத்த சிறுவன் என்ன ஆனான்? அச்சத்தால் கோட்டைச் சுவரிலிருந்து குதித்து மாண்டான். ஒரு பணியாளனின் இரக்கம் ஓர் உயிரை ஒரு நாழிகை காக்கலாம். நிலையாகக் காக்க இரக்கம் போதாது. எந்தப் பணியாளன் வாய்த்தாலும், எந்த மன்னன் ஆண்டாலும், எவரையும் முறையான தீர்ப்பின்றிச் சிறையிடலாகாது என்னும் விதி வேண்டும். மகாசாசனத்தின் முப்பத்தொன்பதாம் பிரிவு அதனையே கூறுகின்றது. நீதியை விற்பதில்லை, மறுப்பதில்லை, தாழ்த்துவதில்லை என்பது நாற்பதாம் பிரிவு. ஹியூபர்ட்டின் மனச்சான்று நின்றுவிட்ட இடத்திலிருந்து சாசனம் தொடங்குகிறது.

இதையும் மிகைப்படுத்தலாகாது. அச்சாசனத்தின் முப்பத்தொன்பதாம் பிரிவு காத்தது சுதந்திர மனிதரை. நாட்டின் உழவரில் பெரும்பகுதியினரோ பண்ணையடிமைகள். ஆயினும் தண்டம் விதிக்கும்போது அவ்வடிமை உழவரின் பயிர்த்தொழில் அழியாமல் விடவேண்டும் என இருபதாம் பிரிவு கூறிற்று. விதவையை மறுமணத்திற்கு வற்புறுத்தலாகாது என எட்டாம் பிரிவு கூறிற்று. எழுதியவர் நினைத்ததைவிடப் பெரிதாக வளரும் ஆற்றல் எழுத்துக்கு உண்டு.

ஜான் இறந்தபின் அவன் மகன் மூன்றாம் ஹென்றியின் பெயரால் சாசனம் 1216-இலும் 1217-இலும் 1225-இலும் மீண்டும் வழங்கப்பட்டது. 1297-இல் சட்டச் சுருளில் ஏறிற்று. அதன் சில பிரிவுகள் இங்கிலாந்தில் இன்றும் சட்டம். நம் நாட்டிலும் அரசியலமைப்பின் மூன்றாம் பகுதியை இந்தியாவின் மகாசாசனம் என அழைப்பதுண்டு. சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி எவருடைய உயிரும் உரிமையும் பறிக்கப்படலாகா என்பது அதன் 21-ஆம் விதி. கடவுச்சீட்டு ஒன்றைக் காரணம் கூறாது அரசு பறிமுதல் செய்த வழக்கில், அந்நடைமுறை நேர்மையானதாகவும் இருத்தல் வேண்டும் என 1978-இல் மேனகா காந்தி வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று. முத்திரை இருந்தால் மட்டும் போதாது. முத்திரைக்குக் காரணமும் வேண்டும் என்பது அதன் பொருள்.

ஜான் என்னும் மன்னன் நல்லவனா தீயவனா என்னும் வழக்கு ஏடுகளைக் கொண்டு இன்னும் பல்லாண்டு நடக்கலாம். நமக்கு அவன் விட்டுச்சென்ற பாடம் அவ்வழக்கின் தீர்ப்பைச் சார்ந்ததன்று. திறமையான மன்னனும், சட்டம் அறிந்த மன்னனும், கணக்குப் பார்க்கும் மன்னனும் தன்னைக் கட்டும் விதி இல்லாதபோது ஜான் ஆகிவிடுவான். ஷேக்ஸ்பியரின் நாடகத்தைச் சாசனம் இல்லாத நாடகம் எனத் தள்ளாமல், சாசனம் இல்லாத நாட்டின் நாடகமாகப் படித்தால், அதன் குறையே அதன் பொருளாக விளங்கும். நீட்டிய தாளின் முன் நடுங்கி நிற்கும் மன்னனின் அந்த ஒரு காட்சிக்காகவேனும் தமிழ் வாசகர்கள் இதனை ஒருமுறை படித்தல் நன்று.